மிதிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சாலையைக் கற்றுக்கொடுப்பது

எங்கள் செங்கோட்டைப் பக்கத்தில் ஒரு பிள்ளை சைக்கிள் பழகுகிறது என்றால், தெருவில் அண்ணனோ மாமாவோ சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதும், பிடித்த கையை விட்ட பிறகும் பிள்ளை விழாமல் நாலைந்து வீடு தாண்டிப் போனால் “படிச்சிட்டாம்ல” என்று எல்லோரும் மகிழ்வதும் வழக்கம். அன்றோடு பாடம் முடிந்துவிடுகிறது. மறுவாரமே அந்தப் பிள்ளை பால் வாங்கவும் டியூஷனுக்குப் போகவும் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் பழக்கிவருகிறவள் என்ற முறையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பிள்ளை விழாமல் மிதிக்கத் தொடங்கும் நாளில்தான் பெரியவர்களின் வேலை தொடங்குகிறது.

இங்கே இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் சாலை. கொல்லத்திலிருந்து ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை, தென்காசி வழியாகத் திருமங்கலம் வரை போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் எங்களுக்குக் கடைவீதிச் சாலையும் பள்ளிக்கூடச் சாலையும். கேரளத்துக்குக் காய்கறியும் வைக்கோலும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் மாநில எல்லையான கோட்டைவாசலை நோக்கி இதே சாலையில்தான் போகின்றன. ஆனி, ஆடியில் குற்றாலச் சீசனுக்கு வரும் கார்களும் வேன்களும், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. இரவெல்லாம் ஓட்டிவந்த களைப்போடு, இந்த ஊர்களின் வளைவு தெரியாத ஓட்டுநர்கள் பலர் அந்த வண்டிகளில் வருகிறார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு வேன் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். தூரத்தில் வருகிறது என்று எட்டு வயதுப் பிள்ளை கணக்குப் போடும்போது, அதன் கண்ணுக்கு வண்டியின் அளவு தெரியுமே தவிர வேகம் தெரியாது. அந்த வயதில் அந்தக் கணிப்பு இன்னும் முதிர்ந்திருக்காது என்பதால், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் பத்து வயதுக்கு முன் நெடுஞ்சாலையில் தனியாக விடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதலில் வண்டி. ‘வளர்ந்த பிறகும் ஓட்டட்டும்’ என்று இரண்டு அளவு பெரிய சைக்கிளாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம்தான் பிள்ளையைப் பெரிதும் ஆபத்தில் தள்ளுகிறது. சீட்டில் உட்கார்ந்தபடி கால் தரையில் எட்டாத பிள்ளை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தப் பயந்து, இடைவெளி கிடைத்தால் புகுந்து போய்விடலாம் என்றே பார்க்கும். ஐந்தாறு வயதுக்கு 16 அங்குலச் சக்கரமும் ஏழெட்டு வயதுக்கு 20 அங்குலமும் பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், வயதை நம்பாமல் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்து வாங்குவதே சரி. பிரேக் பிடியையும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். ஹேண்டில் பாரைப் பிடித்த நிலையிலேயே பிள்ளையின் விரல்கள் பிரேக் பிடியைச் சுற்றி வளைகின்றனவா, நுனிவிரல் மட்டும் தொடுகிறதா என்று கவனியுங்கள். பல வண்டிகளில் பிடியின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை முறுக்கினால் பிடி ஹேண்டில் பாரின் பக்கமாக நெருங்கிவரும். சைக்கிள் கடைக்காரருக்கு இது இரண்டு நிமிட வேலை. கேட்டால் செய்துகொடுப்பார், கேட்காமல் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

பழக்கும்போது சைடு வீல் வேண்டாம் என்பது என் கருத்து. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகவே ஹேண்டில் பாரை லேசாகத் திருப்புவதால்தான் அது நிமிர்கிறது. சைடு வீல் மாட்டிய வண்டி சாய்வதே இல்லை என்பதால் பிள்ளை அந்தத் திருப்பலைக் கற்பதற்கு வழியே இல்லாமல் போகிறது. பிறகு சைடு வீலைக் கழற்றும் நாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்கிவைத்தால், பிள்ளை காலால் தரையை உந்தி உந்தித் தானே பழகிக்கொள்ளும். கழற்றும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வலது பெடல் மற்ற நட்டுகளைப் போலவே இடப்புறமாகச் சுழற்றினால் கழலும், இடது பெடலின் மரை தலைகீழ், அதை வலப்புறமாகச் சுழற்ற வேண்டும். தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருப்பினால் மரை போய்விடும். லேசான சரிவுள்ள களமோ கோயில் முன்னால் உள்ள வெளியோ கிடைத்தால் போதும், உந்திவிட்டுக் காலை மேலே தூக்கிக்கொண்டு சற்று தூரம் வழுக்கிப்போகும் நிலை தானாக வரும். அதன் பிறகு பெடலை மாட்டினால் மிதிப்பதற்குப் பெரிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்காது. பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றால் தோளையோ அக்குளுக்குக் கீழேயோ பிடியுங்கள். ஹேண்டில் பாரைப் பெரியவர் பிடித்தால் சமநிலையைப் பிடிப்பவர் பெரியவராகிவிடுகிறார்.

அடுத்தது பிரேக். நம் வண்டிகளில் வழக்கமாக வலது பிடி முன்சக்கரத்துக்கும் இடது பிடி பின்சக்கரத்துக்கும் போகும். ஆனாலும் கையில் உள்ள வண்டியில் அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிறுத்தும்போது உடலின் பாரம் முன்னால் பாய்வதால் முன்பிரேக்குக்குத்தான் வண்டியை நிறுத்தும் ஆற்றல் அதிகம். அதே காரணத்தால் அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பிள்ளை முன்னால் குப்புற விழும். அதற்குப் பயந்து ‘வலது கைப் பிரேக்கைத் தொடவே தொடாதே’ என்று சொல்லிக்கொடுக்கும் தகப்பன்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்பிரேக்கை மட்டும் நம்பிப் பழகிய பிள்ளைக்கு, ஆடு குறுக்கே ஓடிவரும் நேரத்தில் வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, சிறுகச் சிறுக இறுக்கிப் பழக வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முன்சக்கரம் கோட்டைத் தொடும் இடத்தில் நின்று, இடது காலை ஊன்றச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக வந்து, பிறகு வேகமாக வந்து, அதன் பிறகு பிள்ளை எதிர்பாராத நேரத்தில் நீங்கள் ‘நில்’ என்று சொல்லும்போது நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கும், சலிக்காமல் செய்வார்கள்.

இதன் பிறகு வருவதைத்தான் நம்மில் பெரும்பாலோர் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பது என்பது கேட்க எளிது, ஆனால் தலையை வலப்புறம் திருப்பினால் தோளும் கையும் கூடவே திரும்பி, வண்டி வலப்புறமாக, அதாவது சாலையின் நடுவே, போய்விடும். எந்த லாரி வருகிறதா என்று பார்க்கப் பிள்ளை திரும்புகிறதோ அந்த லாரியின் வழியிலேயே அது போய் நிற்கும். ஆகவே களத்தில் நீளமாகக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பின்னால் நடந்துவந்து விரல்களைக் காட்டுவேன். பிள்ளை திரும்பிப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், சக்கரமும் கோட்டை விட்டு விலகக்கூடாது. “அத்தை, மூணு!” என்று கத்தும்போதே வண்டி கோட்டை விட்டு இரண்டடி தள்ளிப்போயிருக்கும். பழகப் பழக, தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பும் நுட்பம் கைகூடும். அதன் பிறகே வலது கையை நீட்டிச் சைகை காட்டுவதும், ஒரு கையால் ஓட்டுவதும். இந்தப் பயிற்சி முடியாத பிள்ளை வலப்புறம் திரும்ப வேண்டிய இடத்தில் இடது ஓரமாக இறங்கி நின்று, சாலை ஓய்ந்த பிறகு உருட்டிக்கொண்டு கடக்கட்டும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

இங்கிலாந்தில் 2007 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் ‘பைக்கபிலிட்டி’ என்ற பயிற்சியில் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி வண்டிகளே இல்லாத மைதானம், இரண்டாவது அமைதியான சாலை, மூன்றாவது நெரிசலான சாலை. நம் பிள்ளைகள் முதல் படியில் பாதியைத் தாண்டியதும் நாம் மூன்றாவது படிக்கு அனுப்பிவிடுகிறோம். இடையிலுள்ள படிக்கு நம் ஊரில் இடம் இல்லாமல் இல்லை. பகவதிபுரம் பக்கமும் கேசவபுரம் பக்கமும் வயலுக்குப் போகும் சிறு சாலைகளில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எப்போதாவது ஒரு பைக்கோ டிராக்டரோதான் வரும். பெரியவர் ஒருவர் இன்னொரு சைக்கிளில் பிள்ளைக்குப் பின்னால், அரை வண்டி வலப்புறமாகத் தள்ளி வர வேண்டும். முன்னால் போய் வழிகாட்டினால் பிள்ளை உங்கள் முதுகைத்தான் பார்க்கும், சாலையைப் பார்க்காது. கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்வேன்: நாய் படுத்திருக்கிறது, ஆட்டோ நிற்கிறது, ஆட்டோவிலிருந்து யாரோ காலை வெளியே வைக்கிறார்கள். பிள்ளை எதைச் சொல்லாமல் விடுகிறதோ அதுதான் அடுத்து நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது.

சந்திலிருந்து சாலைக்கு ஏறும் இடத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பிய உற்சாகத்தில் பிள்ளைகள் சந்தின் வேகத்திலேயே சாலையில் ஏறிவிடுவார்கள். காலை ஊன்றி நிறுத்தி, முதலில் வலது, பிறகு இடது, மறுபடியும் வலது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். நாம் இடப்புறமாகப் போகும் நாடு என்பதால் நம்மை முதலில் நெருங்கும் வண்டி வலப்புறத்திலிருந்துதான் வரும். வண்டி ஒன்றும் வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தாலும் காலை ஊன்றியே ஆக வேண்டும் என்று நான் வைத்திருப்பது, அது யோசித்துச் செய்வதாக இல்லாமல் காலின் பழக்கமாக ஆக வேண்டும் என்பதற்காகத்தான்.

லாரி விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. சிமெண்டுக் களத்தில் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் நன்றாக நனைத்துவிட்டு, ஒரு வளைவு அடிக்கச் சொல்லுங்கள். தரையில் இரண்டு ஈரக்கோடுகள் விழும். பின்சக்கரத்தின் கோடு முன்சக்கரத்தின் கோட்டின் மேலேயே போகாமல், வளைவின் உள்பக்கமாக விலகிப் போயிருப்பது தெளிவாகத் தெரியும். ஒரு சைக்கிளுக்கே இந்த இடைவெளி என்றால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே அத்தனை நீளம் உள்ள லாரி திரும்பும்போது எவ்வளவு உள்ளே வரும் என்று கேட்டால், பிள்ளைகள் தாங்களே கால்களை அகட்டி அளந்து காட்டுவார்கள். லாரியின் முன்பக்கம் தன்னைத் தாண்டிப் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் பிள்ளைதான் பின்சக்கரத்தில் மாட்டுகிறது. இடது ஓரத்தில் நிற்கும் சிறு சைக்கிள் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமலே போகலாம் என்பதையும் நிற்கும் லாரி ஒன்றில் ஏற்றிக் காட்டினால் மறக்காது. நான் கேட்ட ஓட்டுநர் அண்ணாச்சி ஒருவர் மனமுவந்து ஏற்றி உட்காரவைத்தார். கீழே சைக்கிளோடு நின்ற தன் தம்பியைக் கண்ணாடியில் காணாமல் அந்தப் பிள்ளை இறங்கிவந்து பார்த்தது.

முன்பு மாநில எல்லையாக இருந்து, அந்த எல்லை 1956-இல் கோட்டைவாசலுக்குப் போய்விட்ட பிறகும் ‘பார்டர்’ என்றே அழைக்கப்படும் பிரானூரில் இந்தப் பாடம் மிகவும் தேவைப்படுகிறது. மர அறுவை மில்களுக்குத் தடி ஏற்றிவரும் லாரிகள் சாலையிலிருந்து சட்டென்று ஓரத்துக்குத் திரும்புகின்றன. சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் கார்கள் வரிசையாக நிற்க, அவற்றின் கதவுகள் திறந்து மூடியபடியே இருக்கின்றன. லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் இடையில் சந்து தெரிந்தாலும் உள்ளே நுழையாதே, லாரிக்குப் பின்னால் நில், அது போன பிறகு போ என்பதே விதி. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் இதே விதி பொருந்தும். இறங்குகிறவர்கள் இடப்பக்கம்தான் இறங்குவார்கள். புளியரை எஸ் வளைவுப் பக்கம் எந்தப் பிள்ளையும் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது. அந்த ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தும்போது ஓரம் என்பதே மிஞ்சுவதில்லை.

சாரல் காலத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றில், தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு வரும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கும், எதிரே வருவதைப் பார்க்காது. திரும்பிப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் தனக்குத் தெரியாமலே வேகம் கூடியிருக்கும், நிறுத்த நெடுந்தூரம் பிடிக்கும். பண்பொழிச் சாலையில் வடக்கு நோக்கிப் போனால் காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்துச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். இருபுறமும் வயல் என்பதால் மறைப்பும் இல்லை. ஒரு பேருந்து எதிரே வந்து கடக்கும் கணத்தில் காற்றின் போக்கு மாறி, அடுத்த கணம் மறுபடியும் அறையும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை அந்த இடத்தில்தான் தடுமாறும். பெரிய வண்டி வருவதைக் கண்டால் மிதிப்பதை நிறுத்தி, முழங்கையைத் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பழக்குங்கள். காற்று பலமாக இருந்தால் இறங்கி நின்றுவிடட்டும். ஒரு கையில் குடையோடு ஓட்டுவதைக் கண்டிப்பாகத் தடுத்து மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் வழுக்கும் என்பதால், நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். லாரிகளிலிருந்து சிதறிய ஜல்லியும் மணலும் வளைவுகளின் ஓரத்தில்தான் சேர்ந்து கிடக்கும், அங்கே வளைக்கும்போது பிரேக் பிடிக்காமல் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளின் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்து அனுப்புங்கள், செயின் கவர் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். ஹேண்டில் பாரில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடக்கூடாது, அது ஆடும்போது முன்சக்கரமும் ஆடும், கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரமே நின்றுவிடும். பின்னால் கேரியரில் கட்டட்டும். டபுள்ஸ் வேண்டாம். டைனமோ விளக்கு வண்டி நின்றதும் அணைந்துவிடும் என்பதால், பின்மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் இருக்க வேண்டும். தலைக்கவசத்தைச் சைக்கிளுக்குச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூடியபடி உட்கார வேண்டும், தாடை வாருக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. பின்னந்தலையில் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு போனால் விழும்போது நெற்றிதான் அடிபடும்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி வந்து சேரும் நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதே மகிழ்ச்சி. அந்த வண்டியானாலும் கடையில் வாங்கிய வேறு எந்தப் புது வண்டியானாலும், முதலில் நேராக ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்ச் சக்கர நட்டு, ஹேண்டில் பார், பிரேக் மூன்றையும் இறுக்கி, சீட்டை அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வயதில் முதன்முதலாக ஓட்டப் பழகும் பெண்களும் இருக்கிறார்கள். வெட்கத்தால் சொல்லாமல் நேராகச் சாலைக்கு வந்துவிடுவார்கள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், அவர்களில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர், ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளிலேயே பழகிக்கொண்டார்கள். ஆகவே பதினாறு வயது தாமதம் இல்லை, முப்பத்தாறும் தாமதம் இல்லை. அம்மாக்களும் பழகினால் அதில் எனக்கு இன்னொரு ஆசை நிறைவேறும்: தன் பிள்ளை போகும் வழியைத் தானும் ஒருமுறை சைக்கிளில் போய்ப் பார்த்தவளுக்குத்தான் எந்த இடத்தில் மூடியில்லாத சாக்கடை இருக்கிறது, எந்த இடத்தில் நெடுஞ்சாலை ஒடுங்குகிறது என்று தெரியும்.

தனியாக அனுப்பும் நாளை முடிவு செய்வதற்கு நான் வைத்திருக்கும் வழி இதுதான். பிள்ளை முன்னால் போக, நான் பின்னால் போவேன், பேசமாட்டேன். எல்லாச் சந்திலும் காலை ஊன்றியதா, திரும்பும் முன் பின்னால் பார்த்ததா, பிரானூரில் லாரியைப் போகவிட்டதா என்று மட்டும் கவனிப்பேன். ஒன்று தவறினாலும் அடுத்த வாரமும் கூடவே போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு வழிக்கு மட்டும் அனுமதி கொடுப்பேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு அனுமதி கிடைத்த பிள்ளை குற்றாலத்துக்குப் போக வேண்டுமானால் அந்த வழிக்கும் என்னோடு இன்னொருமுறை வந்தாக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அதிகாலை டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, ஏற்கெனவே அனுமதி பெற்ற வழியாக இருந்தாலும், பனியும் இருட்டும் சபரிமலை வண்டிகளும் இருக்கும் வரை அந்த அனுமதி செல்லாது. வீட்டில் ஒருவர் கூடவே போக வேண்டும், முடியாவிட்டால் விடிந்த பிறகு வருவதாக டியூஷன் வாத்தியாரிடம் பெற்றோரே நேரில் போய்ப் பேசி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.